'சி' எழுத்தும் 88 மில்லியனும்: 2024 கோடையில் டொராண்டோ லீஃப்ஸ்

2024 ஆகஸ்ட் 14 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆடும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி கேப்டனை மாற்றியது. ஐந்து சீசன் மார்பில் 'சி' அணிந்து ஆடிய ஜான் டவாரெஸ் பக்கத்திலேயே இருக்க, அந்த எழுத்து ஆஸ்டன் மாத்யூஸிடம் போனது. கழக வரலாற்றில் அவர் 26ஆவது கேப்டன். ரசிகர்கள் நாள்கணக்கில் பேசியது இதைத்தான். ஆனால் அந்தக் கோடையில் நிர்வாகம் எடுத்த முடிவுகளில் காசு செலவில்லாதது இது ஒன்றே. மற்றதெல்லாம் சம்பள உச்சவரம்பு, அதாவது ஒரு அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை, என்ற சுவரில் போய் முட்டியது.

இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாது. கேப்டனை ஏன் அந்த ஆண்டு மாற்றினார்கள் என்பதற்கான விடை ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளில் இருக்கிறது. நான்காவது வரிசை ஆட்டக்காரருக்கு ஏன் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் தர முடியவில்லை என்பதற்கான விடை, புதிய கேப்டனும் பழைய கேப்டனும் வாங்கும் சம்பளத்தில் இருக்கிறது.

கையில் இருந்த கணக்கு

2023-24 சீசனை லீஃப்ஸ் 102 புள்ளிகளோடு அட்லாண்டிக் பிரிவில் மூன்றாவதாக முடித்தது. மாத்யூஸ் மட்டும் 69 கோல் அடித்தார். கோப்பைக்கான பிளே ஆஃப் கட்டத்தின் முதல் சுற்றில் பாஸ்டனிடம், மே 4 அன்று, ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. எதிரணி ஆள் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பவர் பிளே என்பார்கள். அந்தத் தொடரில் லீஃப்ஸுக்கு அது 21 முறை கிடைத்தது. விழுந்தது ஒரே கோல். பணத்தை எல்லாம் தாக்குதலில் போட்ட அணிக்கு இதைவிடக் கேவலமான கணக்கு இருக்க முடியாது.

மே 9 அன்று பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் நீக்கப்பட்டார். மே 17 அன்று கிரெய்க் பெருபே வந்தார். 2019இல் செயின்ட் லூயிஸ் அணி லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர். பக் எனப்படும் ரப்பர் வட்டை எதிரணி மூலைக்குள் தள்ளிவிட்டு, பின்னாலேயே ஓடி, உடம்பைக் கொடுத்து மீட்பதுதான் அவர் ஆடச் சொல்லும் ஆட்டம். அதற்குத் தோதான ஆட்களைச் சேர்ப்பது பொது மேலாளர் பிராட் ட்ரெலிவிங்கின் வேலை.

பெரிய பெயர்களில் ஒருவரை விற்றுவிட்டு அணியைப் பிரித்துக் கட்டலாமே என்று அப்போது பலரும் கேட்டார்கள். முடியாது. அதிகச் சம்பளம் வாங்கிய ஐந்து பேரின் ஒப்பந்தத்திலும் 'நோ மூவ்' ஷரத்து இருந்தது. ஆட்டக்காரர் தானே சம்மதித்தால் ஒழிய அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது, கீழ்நிலை லீகுக்கு இறக்கவும் முடியாது.

அந்த ஐவரின் ஆண்டுக் கணக்கு, மில்லியன் டாலரில்:

மாத்யூஸ்: 13.25, 2028 வரை
வில்லியம் நைலாண்டர்: 11.5, 2032 வரை
டவாரெஸ்: 11.0, 2025 வரை
மிட்ச் மார்னர்: 10.9, 2025 வரை
மோர்கன் ரைலி: 7.5, 2030 வரை

கூட்டினால் 54.15. 2024-25க்கு லீக் வைத்த உச்சவரம்பு 88 மில்லியன். ஐந்து பேருக்கே 61.5 சதவீதம் போய்விட்டது. 23 பேர் பட்டியலை நிரப்ப, மீதி 33.85 மில்லியனில் 18 பேர் வேண்டும். தலைக்குச் சராசரி 1.88 மில்லியன். இதெல்லாம் அமெரிக்க டாலர். வருமானத்தின் பெரும்பகுதி கனடிய டாலரில் வந்தாலும், டொராண்டோ உட்பட எல்லா அணியும் சம்பளம் கொடுப்பது அமெரிக்க டாலரில்தான்.

உச்சவரம்பில் ஏறுவது அந்த ஆண்டு கைக்குப் போகும் தொகை அல்ல, ஒப்பந்தத்தின் சராசரி என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வருவதுதான் கேப் ஹிட். முதல் ஆண்டில் அள்ளிக் கொடுத்தாலும் கடைசி ஆண்டில் கிள்ளிக் கொடுத்தாலும் கணக்கில் ஒரே எண்தான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஆண்டு உச்சவரம்பு 83.5இல் இருந்து 88க்கு, அதாவது 4.5 மில்லியன் ஏறியது. லீக் முழுக்க அணிகள் மூச்சு விட்டன. லீஃப்ஸுக்கு மட்டும் அந்தக் காற்று வரவில்லை. அதே ஆண்டில் மாத்யூஸ் 11.64இல் இருந்து 13.25க்கும், நைலாண்டர் 6.96இல் இருந்து 11.5க்கும் போனார்கள். இருவர் சம்பள உயர்வு மட்டும் 6.15 மில்லியன். உச்சவரம்பு ஏறியும் அணி 1.65 மில்லியன் பின்னால் போய் நின்றது.

எழுத்தை எப்போது மாற்றுவது

விதிப்படி கேப்டன் பதவி சின்ன விஷயம். ஒரு ஆட்டத்தில் ஒரு 'சி', அதாவது கேப்டன்; அதிகபட்சம் இரண்டு 'ஏ', அதாவது துணைக் கேப்டன்கள். இரண்டு கேப்டன்கள் கூடாது. கேப்டனே வைத்துக்கொள்ளாமல் மூன்று 'ஏ' வைத்துக்கொள்ளலாம். எழுத்து சுமார் மூன்று அங்குல உயரம். கோலி, அதாவது கோல் காப்பாளர், கேப்டனாக முடியாது, ஏனென்றால் அவர் ஒவ்வொரு தகராறுக்கும் வலையை விட்டு நடுவரிடம் சறுக்கிப் போனால் ஆட்டம் நகராது. நடுவர் கூப்பிட்டால் விதி விளக்கம் பற்றி மட்டும் கேப்டன் பேசலாம். கொடுத்த தண்டனை சரியா தவறா என்று வாதாடினால் அவருக்கே இரண்டு நிமிடம்.

எழுத்தின் கனம் விதிப் புத்தகத்தில் இல்லை. தோற்ற இரவில் ஒலிவாங்கிகளுக்கு முன் நிற்பவர் அவர். பயிற்சியாளர் ஒன்றைச் சொல்லி ஓய்வறை முகம் சுளித்தால் நடுவில் நிற்பவரும் அவர். டொராண்டோவில் இந்த வேலை மற்ற ஊர்களைவிட இரட்டிப்பு. அதனாலேயே 2016 பிப்ரவரியில் அன்றைய கேப்டன் டியான் ஃபனுஃப் வேறு அணிக்குப் போன பிறகு மூன்றரை ஆண்டுக்கு மேல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். டவாரெஸ் 2019 அக்டோபர் 2 அன்றுதான் கேப்டனானார்.

2024இல் நிர்வாகத்துக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, எதையும் தொடாமல் இருப்பது. டவாரெஸின் ஒப்பந்தம் 2025 ஜூன் 30 அன்று முடிகிறது. அதுவரை விட்டால், பேரம் பேசும் மேசையில் உட்காருபவர் வெறும் 34 வயது சென்டர் (தாக்குதல் வரிசையின் நடுவில் ஆடுபவர்) அல்ல, அணியின் கேப்டன். சம்பளத்தை 11இல் இருந்து வெட்டுவது கேப்டனை வெட்டுவதாக ஆகும். அவர் வெளியேறினால் கேப்டனே போய்விட்டார் என்று ஆகும். போதாக்குறைக்கு மார்னரின் ஒப்பந்தமும் அதே நாளில் முடிகிறது. எழுத்து, டவாரெஸ், மார்னர் என்று மூன்று நெருப்பும் ஒரே கோடையில் பற்றும்.

இரண்டாவது வழி, எழுத்தைப் பிடுங்கிவிட்டு யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. சான் ஹோசே ஷார்க்ஸ் 2014இல் இதைச் செய்து பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்த தொடரைத் தோற்றபின், ஆகஸ்டில் ஜோ தார்ன்டனிடமிருந்து 'சி'யை எடுத்தது. அவரும் நோ மூவ் ஷரத்து உள்ளவர், அதனால் அங்கேயேதான் இருந்தார். வாரிசு அறிவிக்கப்படவில்லை. பழைய கேப்டன் ஓய்வறையில் 'சி' இல்லாமல் உட்கார்ந்திருக்க, 'ஏ'க்களோடு ஒரு சீசன் ஓடியது, பிளே ஆஃபுக்குத் தகுதி பெறாமலே முடிந்தது. 2015 அக்டோபரில் ஜோ பவெல்ஸ்கி கேப்டனானார். அடுத்த கோடையில் அதே தார்ன்டனோடு அணி கோப்பை இறுதித் தொடர் வரை போனது. ஒரு சீசன் வீணானதற்கு எழுத்து மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் பறிப்பதும் கொடுப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

மூன்றாவது வழிதான் லீஃப்ஸ் எடுத்தது. வாரிசு யார் என்பதில் குழப்பம் இல்லை. மாத்யூஸுக்கு 26 வயது, 2028 வரை ஒப்பந்தம், அணியிலேயே அதிகச் சம்பளம். டவாரெஸ் ஒப்பந்தத்துக்கு இன்னும் ஒரு சீசன் பாக்கி. புதிய பயிற்சியாளர் வந்த கோடை என்பதால் யாரும் யாரையும் தண்டித்ததாகப் படாது. பயிற்சி முகாமுக்கு ஒரு மாதம் முன்பே அறிவித்ததால், முகாமின் முதல் நாள் கேள்வி எல்லாம் ஆட்டத்தைப் பற்றியதாக இருந்தது. டவாரெஸ் 'ஏ'வுக்கு மாறினார்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது, அது நடக்கவும் செய்தது. மாத்யூஸ் காயத்தால் அந்தச் சீசனில் 15 ஆட்டங்கள் தவறவிட்டார்; 69 கோல் அடித்தவர் 33 கோலோடு முடித்தார். கேப்டன் சீருடையில் இல்லாத ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் மூன்று 'ஏ' குறிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஐந்து ஆண்டு கேப்டனாக இருந்தவரை மனம் கசக்காமல் வைத்திருந்த அணிக்கு அந்த விதி கைகொடுத்தது.

ஜூலை 1: தடுப்பும் வலையும்

பணம் எங்கிருந்து வந்தது? டைலர் பெர்டூஸி 5.5, டி.ஜே. பிரோடி 5, கோலி இலியா சாம்சனோவ் 3.55. இந்த மூன்று ஒப்பந்தங்களும் முடிந்ததில் 14.05 மில்லியன் விடுபட்டது. முதல் இருவரும் சிகாகோவுக்கும் சாம்சனோவ் வேகஸுக்கும் போனார்கள். இருவர் சம்பள உயர்வை இதில் கழித்தால், புதிதாக வாங்க எவ்வளவு மிஞ்சியது என்பது விளங்கும்.

முதல் குறி கிறிஸ் டேனவ். வலது கை தடுப்பாளர், ஷாட்டுகளுக்குக் குறுக்கே விழுந்து தடுப்பதில் பெயர் பெற்றவர். ஜூலை 1 அன்று, ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கான சந்தை திறக்கும்வரை பழைய அணி மட்டுமே அவரோடு பேச முடியும். அதனால் ஜூன் 29 அன்று டல்லஸிடமிருந்து பேச்சுவார்த்தை உரிமையை மட்டும் வாங்கினார்கள். விலை, மேக்ஸ் எல்லிஸ் என்ற ஆட்டக்காரரும் 2026இன் ஏழாவது சுற்றுத் தேர்வும் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஒரு வாய்ப்பு). இரண்டு நாள் முன்னதாகப் பேசுவதற்கான கட்டணம் என்றே இதைக் கொள்ள வேண்டும். ஆறு ஆண்டு, ஆண்டுக்கு 4.5 மில்லியன் என்று முடிந்தது.

அப்போது அவருக்கு 34 வயது. ஆறு ஆண்டு என்பது கிட்டத்தட்டப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கணக்கைத் திருப்பிப் போட்டால் புரியும். மொத்தம் 27 மில்லியன். அதையே நான்கு ஆண்டில் கொடுத்தால் கேப் ஹிட் 6.75 ஆகியிருக்கும், அந்த 2.25 வித்தியாசத்தில் இரண்டு பேர் ஆடுகிறார்கள். 35 வயதானபின் போடும் ஒப்பந்தங்களுக்குத் தனியான கடுமையான விதிகள் உண்டு, 34இல் போட்டால் அவை பொருந்தாது. இன்றைய இடத்துக்கு 2029இன் இடத்தை அடகு வைத்தார்கள். உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும் என்று நம்பியதால் செய்த அடகு, அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை: அடுத்த சீசனுக்கு உச்சவரம்பு 95.5.

ஆலிவர் எக்மன்-லார்சன் நான்கு ஆண்டு, 3.5 மில்லியன். அவரும் கோலி ஆண்டனி ஸ்டோலர்ஸும் அந்த ஜூனில் கோப்பை வென்ற ஃபுளோரிடாவிலிருந்து வந்தவர்கள். எக்மன்-லார்சன் இடது கை, ஆனால் வலது பக்கமும் ஆடுவார். இது பெரிய விஷயம். தடுப்பில் ஏற்கெனவே இருந்த ரைலி, மெக்கேப், பென்வா மூவரும் இடது கை. இடது கை ஆள் வலது சுவர் ஓரம் நின்றால், பக் அவருடைய பின்கைப் பக்கம் வந்து சேரும்; அழுத்தம் வரும்போது வெளியே அனுப்ப அரை நொடி தாமதம். பெருபேயின் ஆட்டமுறையில் அந்த அரை நொடியில்தான் கோல் விழும்.

ஜேக் மெக்கேப்பின் ஒப்பந்தம் 4 மில்லியன், ஆனால் லீஃப்ஸ் கணக்கில் ஏறியது 2 மட்டும். விற்ற அணியான சிகாகோ மறுபாதியைத் தானே சுமந்தது. ஒரு அணி ஒரு ஒப்பந்தத்தில் பாதி வரை சுமக்கலாம், ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தம் வரை. உச்சவரம்பில் நெரிபடும் அணிகள் தேடி அலைவது இந்த மாதிரிச் சரக்கைத்தான்.

கோலி விஷயத்தில்தான் ட்ரெலிவிங் பெரிய பந்தயம் கட்டினார். ஸ்டோலர்ஸுக்கு 2.5, ஜோசஃப் வோலுக்கு 0.77. இருவரும் சேர்ந்து 3.27, முந்தைய ஆண்டு சாம்சனோவ் ஒருவருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இருவரில் யாரும் ஒரு முழுச் சீசன் முதல் கோலியாக நின்றதில்லை, இருவருக்கும் காய வரலாறு உண்டு. மூன்றாவது ஆளாக மேட் மர்ரே 8,75,000க்கு. அந்தச் சீசனில் 1.15 மில்லியனுக்கு உட்பட்டவரைக் கீழ்நிலை அணியான மார்லீஸுக்கு இறக்கினால் அவர் சம்பளம் உச்சவரம்பில் ஏறாது என்பதால் அவர் கிட்டத்தட்ட இலவசக் காப்பீடு. பந்தயம் பலித்தது. ஸ்டோலர்ஸ் அந்தச் சீசனை .926 தடுப்பு விகிதத்தோடு முடித்தார். காயக் கணக்கும் பலித்தது: சீசனின் முதல் நாள் வோல் இல்லை, டிசம்பரில் ஸ்டோலர்ஸுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, மே மாதம் ஃபுளோரிடா தொடரின் முதல் ஆட்டத்திலேயே அவர் மீண்டும் வெளியே.

யானி ஹாக்கன்பா ஒப்பந்தம் தனிப் பாடம். ஜூலை 1 அன்று இரண்டு ஆண்டு, 1.5 மில்லியன் என்று செய்தி வந்தது. வாரங்கள் போயின, கழகம் அதைப் பதிவு செய்யவில்லை. முழங்கால்தான் பிரச்சினை. செப்டம்பரில் ஒரே ஆண்டு, 1.47 மில்லியன் என்று சுருங்கியது. அந்தச் சீசன் முழுக்க இரண்டே ஆட்டம்தான் ஆடினார். இரண்டாவது ஆண்டை வெட்டியது மருத்துவ அறிக்கை. சந்தை திறந்த அன்று பரபரப்பில் கைகுலுக்கினாலும், பதிவுக்கு முன் மூட்டைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை லீஃப்ஸ் தாமதமாகவாவது செய்தது.

முகாமில் நடந்த சில்லறை யுத்தம்

செப்டம்பரில் பேச்சு மில்லியனில் இருந்து ஆயிரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் சீசன் தொடங்கும் நாளில் பட்டியல் நிற்பதும் சாய்வதும் அங்கேதான்.

உச்ச எண்ணிக்கை 23 பேர். ஒரு ஆட்டத்தில் சீருடை அணிவது 20: 18 சறுக்கு ஆட்டக்காரர்கள், இரண்டு கோலிகள். 23ஐயும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. அந்தச் சீசனில் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர் என்பதால், நெரிசலில் இருந்த அணிகள் 21 அல்லது 22 பேரோடு ஓட்டின. ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் காயம் பட்டால் பெஞ்சில் ஆள் இருக்காது, அதுதான் அதன் விலை.

மேக்ஸ் பாச்சரெட்டியும் ஸ்டீவன் லோரென்ட்ஸும் முயற்சி ஒப்பந்தத்தில் முகாமுக்கு வந்தார்கள். இந்த ஒப்பந்தம் உச்சவரம்பில் ஏறாது. அணிக்கு இன்னொரு லாபமும் உண்டு: முன்சீசன் ஆட்டம் ஒவ்வொன்றிலும் அனுபவம் உள்ள எட்டுப் பேரையாவது இறக்க வேண்டும் என்று லீக் விதி இருக்கிறது, இப்படி வரும் மூத்தவர்கள் அந்த எண்ணிக்கையை நிரப்பிவிடுவார்கள். ஆட்டக்காரருக்கோ உத்தரவாதம் எதுவும் இல்லை. நடுவில் வேறு அணி கூப்பிட்டால் போகலாம் என்ற சுதந்திரம் மட்டும் உண்டு.

இருவருமே தேறினார்கள். லோரென்ட்ஸுக்கு 7,75,000. பாச்சரெட்டிக்கு 8,73,770 டாலரும் செயல்திறன் போனஸும். 35 வயதைத் தாண்டியவர் ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் போனஸ் எழுதலாம். சீசன் முடிவில் உச்சவரம்பில் இடம் இல்லையென்றால் அந்தப் போனஸ் அடுத்த ஆண்டுக் கணக்கில் கழியும். கடனுக்கு வாங்குவது மாதிரிதான். 770 என்று முடியும் அந்த விநோதமான எண் பேரத்தில் பிறந்ததல்ல, உச்சவரம்புக் கணக்கைக் கடைசி டாலர் வரை இட்டு நிரப்பியதில் வந்தது.

நிக் ராபர்ட்சன் வேறு வகை. கோடையில் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டவர். 22 வயது, உரிமை அணியிடம்தான். செப்டம்பரில் ஓராண்டு, 8,75,000க்குக் கையெழுத்திட்டார். முந்தைய ஆண்டுகளில் அவரை மார்லீஸுக்கும் மேலேயும் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாம். 18 வயதில் ஒப்பந்தமாகும் ஆட்டக்காரருக்கு ஐந்து ஆண்டு அல்லது 160 ஆட்டம், எது முந்துகிறதோ அதுவரைதான் அந்தச் சலுகை. 2024-25இல் அது முடிந்தது. இனி கீழே அனுப்ப வேண்டுமானால் வெய்வர்ஸில் போட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பிடிக்கிறதோ இல்லையோ, அவர் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். முகாமில் நன்றாக ஆடிய ஒரு இளைஞன் திடீரெனக் கீழே போவதும், சுமாராக ஆடிய இன்னொருவன் மேலேயே தங்குவதும் பெரும்பாலும் இந்த விதியால்தான். பயிற்சியாளரைத் திட்டிப் பயனில்லை.

ஈஸ்டன் கோவனுக்கு 19 வயது. 20 நிரம்பாத, கனடிய ஜூனியர் லீகிலிருந்து தேர்வான ஆளுக்கு அந்தச் சீசனில் இரண்டே கதவு: ஒன்று என்.எச்.எல். பட்டியல், இல்லையேல் பழைய ஜூனியர் அணி. நடுவில் உள்ள மார்லீஸுக்கு அனுப்ப ஒப்பந்தம் இடம் தரவில்லை. பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய தொடக்க ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப் போகும், அது அணிக்கு லாபம். லண்டன் நைட்ஸுக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஜூன் 1 அன்று அந்த அணி கனடிய ஜூனியர் சாம்பியன் பட்டமான மெமோரியல் கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். இந்த முடிவில் யாரும் நஷ்டப்படவில்லை.

90.7ஐ 88க்குள் அடைப்பது

எல்லாரையும் கூட்டிப் பாருங்கள். தாக்குதல் வரிசையில் 15 பேர், சுமார் 63.0. தடுப்பில் எட்டுப் பேர், 24.4. இரண்டு கோலிகள், 3.3. மொத்தம் 90.7. உச்சவரம்பை 2.7 மில்லியன் தாண்டுகிறது. இருந்தும் சட்டப்படி சரி. எப்படி?

காலே யார்ன்க்ரோக் 2.1, ஹாக்கன்பா 1.47, தோளில் அறுவை சிகிச்சை முடிந்த கானர் டூவர் 1.18. மூவரும் நீண்டகாலக் காயப் பட்டியலுக்குப் போனார்கள். குறைந்தது பத்து ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாதவர்தான் அதில் சேரலாம். அங்கே போனவரின் சம்பளம் கணக்கிலிருந்து அழிவதில்லை. அந்தச் சீசனின் விதிப்படி, அந்த அளவுக்கு உச்சவரம்பைத் தாண்ட அணிக்கு அனுமதி கிடைத்தது. அழிவதற்கும் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதல்ல.

ஒருவரைப் பட்டியலில் போடும் நொடியில் உச்சவரம்புக்கு அடியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ, அது சலுகையிலிருந்து கழிக்கப்படும். 2.1 மில்லியன் ஆளைப் போடும்போது 3,00,000 காலியாக இருந்தால் கிடைப்பது 1.8 மட்டுமே. அதனால் போடுவதற்கு முந்திய நொடியில் பட்டியலை 88க்கு மிக அருகில் நிரப்பி வைக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் யாரோ ஒரு இளைஞரை ஒரு நாளைக்கு மேலே ஏற்றி மறுநாள் கீழே இறக்குவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அவர் ஆடுவதற்காக வரவில்லை, எண்ணை நிரப்ப வந்தவர்.

இந்தச் சலுகையில் வாழும் அணிக்கு ஒரு மறைமுக நஷ்டம் உண்டு. உச்சவரம்பு நாள்கணக்கில் ஓடுவது. சீசன் முழுக்க 1 மில்லியன் காலியாக வைத்திருக்கும் அணி, முக்கால் சீசன் கழிந்ததும் 4 மில்லியன் ஆளை வாங்கலாம், ஏனென்றால் மீதிக் காலாண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும். காயப் பட்டியலின் தயவில் உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் நாட்களில் இந்தச் சேமிப்பு சேராது.

சீசன் காட்டிய விரிசல்கள்

அக்டோபர் 9, மாண்ட்ரியாலில் முதல் ஆட்டம். 48 ஷாட், பூஜ்யம் கோல், 1-0 தோல்வி. அது ஒரு இரவின் துரதிர்ஷ்டம். கோடை முடிவுகளின் உண்மையான தவறுகள் மெதுவாக வெளியே வந்தன.

முதலாவது டிமதி லில்யெக்ரென். ஜூன் 30 அன்று இரண்டு ஆண்டு, 3 மில்லியன் என்று நீட்டித்தார்கள். மறுநாளே டேனவும் எக்மன்-லார்சனும் வலது பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பெருபேயின் முரட்டு ஆட்டத்துக்கும் இவருக்கும் ஒட்டவில்லை. அக்டோபரில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். 3 மில்லியன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அக்டோபர் 30 அன்று சான் ஹோசேவுக்கு மாற்றினார்கள். திரும்பி வந்தவை மேட் பெனிங், 2025இன் மூன்றாவது சுற்றுத் தேர்வு, 2026இன் ஆறாவது சுற்றுத் தேர்வு. பெனிங்கின் சம்பளம் 1.25, கீழே இறக்கினால் அதில் 1.15 கணக்கிலிருந்து போய்விடும். ஆக, விடுபட்ட இடம் 2.9. நல்ல மீட்சிதான். ஆனால் புதிய பயிற்சியாளருக்கு எந்த வகைத் தடுப்பாளர் பிடிக்கும் என்பது மே 17 முதலே தெரியும். ஜூன் 30 கையெழுத்து தேவையில்லாதது.

இரண்டாவது மூன்றாம் வரிசை சென்டர். மாத்யூஸ், டவாரெஸ் இருவருக்குப் பின் மேக்ஸ் டோமி, டேவிட் கெம்ப். டோமி இயல்பில் விங்கர், ஓரத்தில் ஆடுபவர். கெம்ப் தடுப்பார், கோல் அடிக்க மாட்டார். கோடையில் இங்கே பணம் வைக்கவில்லை, வைக்கப் பணமும் இல்லை. விலையை 2025 மார்ச் 7 அன்று, வர்த்தகக் கெடு நாளில் கொடுத்தார்கள். சென்டர் ஸ்காட் லாட்டனுக்கு 2027இன் முதல் சுற்றுத் தேர்வும் நிகிதா கிரெபென்கினும். அதே நாளில் தடுப்பாளர் பிராண்டன் கார்லோவுக்கு 2026இன் முதல் சுற்றுத் தேர்வு, ஒரு நான்காவது சுற்றுத் தேர்வு, இளம் சென்டர் ஃபிரேசர் மின்டன். ஜூலையில் காசு இல்லாத அணி மார்ச்சில் எதிர்காலத்தை விற்று வாங்கும். இது லீஃப்ஸுக்குப் புதிதல்ல.

அணி 52 வெற்றி, 108 புள்ளியோடு அட்லாண்டிக் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஒட்டாவாவை ஆறு ஆட்டத்தில் வென்றது. ஃபுளோரிடாவிடம் 2-0 என்று முன்னிலையில் இருந்த தொடரை ஏழாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 6-1 என்று இழந்தது.

அதன் பிறகு வந்த ஜூன் மாதத்தில்தான் முந்தைய ஆகஸ்டின் முடிவு என்ன செய்தது என்று தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்த இருவரில் மார்னர் ஆண்டுக்கு 12 மில்லியன் ஒப்பந்தத்தோடு வேகஸுக்குப் போனார். கேப்டன் அல்லாத டவாரெஸோ 38 கோல் அடித்த சீசன் முடிந்த கையோடு, நான்கு ஆண்டுக்கு, 11 மில்லியனுக்குப் பதில் 4.38 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.